பூட்டு கேட்ட கேள்வி

இளமதி கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றில் இரண்டே வரிகள்தான் இருந்தன. சோதனைக்கு வந்த பூட்டில் இருப்பது எங்கள் தொழிற்சாலையில் பொருத்திய அதே சிப். இதைப் போல இன்னொன்றை யாராலும் செய்ய முடியாது. இரண்டும் உண்மை. நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் எழுதினாள். அதை வைத்து ஒரு மனிதரை வேலையிலிருந்து நிறுத்துவார்கள், போலீஸில் புகார் கொடுப்பார்கள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலைகள் இரண்டுக்கு நடுவே ஸம்பத்குமாரின் சிறிய தொழிற்சாலை இருந்தது. டீசல், பெட்ரோல் ஏற்றிச்செல்லும் டேங்கர் லாரிகளுக்கு அங்கே மின்னணுப் பூட்டு செய்தார்கள். எண்ணெய் இறக்கும் வால்வின்மேல் அந்தப் பூட்டைப் பொருத்துவார்கள். அதற்குச் சாவி கிடையாது. லாரி பங்க்குக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கிருப்பவர் கையில் அடங்கும் ஒரு கருவியைப் பூட்டருகே நீட்டுவார். பூட்டு ஒரு கேள்வி கேட்கும். கேள்வி என்றால் ஒரு நீளமான எண், அவ்வளவுதான். கருவி அதை செல்போன் நெட்வொர்க் வழியாக சர்வருக்கு அனுப்பும். லாரி சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு சர்வர் பதிலை அனுப்பும். பதில் சரியாக இருந்தால் பூட்டு திறக்கும். அடுத்த முறை பூட்டு வேறு கேள்வி கேட்கும். அதனால் பழைய பதிலைச் சேர்த்துவைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்துவிட முடியாது.

பூட்டுக்குள் இருக்கும் சிப்பைத் தேர்ந்தெடுத்தவள் இளமதி. சோதனை அறையின் பொறுப்பும் அவளுடையதுதான். தொழிற்சாலையைப் பார்க்க யார் வந்தாலும் அந்தச் சிப்பைப் பற்றி அலுக்காமல் சொல்லுவாள். அதற்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய நினைவுச் செல்கள் இருக்கின்றன. மின்சாரம் வந்த கணத்தில் ஒவ்வொரு செல்லும் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ விழித்துக்கொள்ளும். எது எப்படி விழிக்கும் என்பது, சிப்பைச் செய்தபோது யாரும் திட்டமிடாமல் விழுந்துவிட்ட மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களைப் பொறுத்தது. ஒரே சிலிக்கான் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த சிப்புகள்கூட ஒன்றுபோல் விழிப்பதில்லை. செய்தவர்களே நினைத்தாலும் அதைத் திரும்பச் செய்ய முடியாது. நம் கைரேகை மாதிரி. பூட்டின் ரகசியம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. மின்சாரம் வரும்போதெல்லாம் அந்த ரேகையிலிருந்து பிறக்கிறது, வேலை முடிந்ததும் இல்லாமல் போகிறது. "திருடறதுக்கு உள்ளே ஒண்ணுமே இல்லைங்க" என்று முடிப்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

அந்தக் கோடையில் ஒரு டேங்கர் எண்ணூர்ப் பக்கத்து டெர்மினலில் டீசல் ஏற்றிக்கொண்டு, ஜி.என்.டி. சாலையில் இருந்த லாரிக் கம்பெனியின் யார்டில் இரவு தங்கி, விடிந்ததும் சூளூர்பேட்டை பங்க்குக்குப் போனது. அங்கே டேங்குக்குள் கோலை விட்டு அளந்து பார்த்தபோது டீசல் குறைந்திருந்தது. பூட்டு அதன் இடத்தில் அப்படியே இருந்தது. வழியில் யாரும் அதைத் திறக்கவில்லை என்று சர்வர் சொன்னது. யாராவது போலிப் பூட்டைச் செய்து மாட்டிவிட்டார்களா என்று பார்க்கும்படி லாரிக் கம்பெனி பூட்டைக் கழற்றி இளமதிக்கு அனுப்பியது. அவள் ரேகையைச் சரிபார்த்தாள். இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவளைப் பார்க்க ஒரு தம்பதி வந்திருப்பதாக கேட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார். வரவேற்பு அறையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி முன்னால் வந்தாள்.

"நீங்கதான் இளமதி மேடமா? நான் விக்டோரியா. மீஞ்சூர்லேர்ந்து வர்றோம். இவரு எங்க ஊட்டுக்காரரு, பாக்கியநாதன். அந்த சூளூர்பேட்டை லோடு வண்டிய ஓட்டுனவரு."

"உக்காருங்க" என்றாள் இளமதி.

"உக்காரலாம்மா. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இவருதான் எடுத்தாருன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களாமே."

"நான் அப்படி எழுதலையே. பூட்டு டூப்ளிகேட் இல்லைன்னுதான் எழுதினேன்."

"அவங்க அத இப்டித்தான் படிக்கிறாங்க" என்றாள் விக்டோரியா. "பூட்டு ஒரிஜினலு. அத யாரும் தொறக்கல. அப்போ மேல் மூடி வழியா இவருதான் உறிஞ்சி எடுத்திருக்காருன்னு. ஸ்டேஷன்லயும் உங்க பேப்பரத்தான் காட்டறாங்க. வேலைக்கு வராதேன்னுட்டாங்க."

பாக்கியநாதன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மேல் மூடிக்கு சீல் இருக்குது மேடம். டெர்மினல்ல போட்டது அப்டியேதான் இருந்துச்சு. அதையும் சொன்னேன். நீயே வேற சீல் போட்டிருப்பேன்னாங்க."

"வழியில எங்கயாவது நிறுத்தினீங்களாண்ணா?"

"எங்கயும் இல்ல. சாயங்காலம் லோடு ஏத்திக்கினு யார்டுக்கு வந்தேன். பூட்ட சார்ஜ்ல போடச் சொல்லிட்டு, பஸ் புடிச்சி ஊட்டுக்குப் போயிட்டேன். காலைல வந்து வண்டிய எடுத்தேன். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி நேரா பங்க்குதான். நாஷ்டா கூட அங்க போய்தான் துன்னேன்."

அவ்வளவு பேசியும் "நான் எடுக்கவில்லை" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை இளமதி கவனித்தாள். அது அவளுக்கு உறுத்தலாக இருந்தது. அவர் வெளியே போனதும் விக்டோரியா வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"அவரு சொல்ல மாட்டாரும்மா" என்றாள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. "மொத தபா கேட்டப்போ சொன்னாரு. அவங்க நம்பல. அதுக்கு மேல யாரு கேட்டாலும் சொல்ல மாட்டாரு. கொணமே அப்டித்தான். பேஜாரு புடிச்ச மனுசன்."

அன்று பிற்பகல் இளமதி அந்தப் பூட்டை மறுபடியும் எடுத்துச் சோதனை மேஜையில் வைத்தாள். சூடாக்கிப் பார்த்தாள், குளிர வைத்துப் பார்த்தாள். ரேகை மாறவில்லை. கேள்விகளை ஆயிரக்கணக்கில் கேட்க வைத்துப் பார்த்தாள். ஒன்றைப் போல் இன்னொன்று வரவில்லை. குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. பூட்டு நல்ல பூட்டு. அந்த மனிதரும் நல்லவர்தான் என்று அவளுக்கு ஏனோ பட்டது. ஆனால் டீசல் குறைந்திருந்ததே. பூட்டு நல்லது என்பதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. அவர் நல்லவர் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவளுடைய தொழிலில் ஆதாரம் இல்லாததை நம்பிப் பழக்கமும் இல்லை.

மறுநாள் ஸம்பத்குமாரிடம் போய், யார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

ஸம்பத்குமார் திருவள்ளூர்க்காரர். அப்பாவும் அண்ணனும் வீரராகவப் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருக்க, அவர் மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். குரலை உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. அப்போது ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் ஆர்டர் கையெழுத்தாகும் நிலையில் இருந்தது. அது கிடைத்தால் தொழிற்சாலையை இரண்டு மடங்காக்கிவிடலாம் என்று பக்கத்து மனையைக்கூடப் பேசி வைத்திருந்தார்.

"நம்மைக் கேட்டது பூட்டைப் பத்தி. பதில் சொல்லியாச்சு. அவா வண்டி விவகாரம் நமக்கெதுக்கும்மா?"

"நான் பூட்ட நம்ம ரூம்ல வச்சுத்தான் சார் பாத்திருக்கேன். அது அங்க ராத்திரியெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கல. ஒரு தடவ பாத்துட்டா நிம்மதியா இருக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, போயிட்டு வா. கஸ்டமர் எடம். பாத்துப் பேசு."

யார்டில் டேங்கர்கள் வெயிலில் வரிசையாக நின்றன. டீசல் வாடையும் சூடான தார் வாடையும் கலந்து அடித்தன. யார்டைப் பார்த்துக்கொண்ட குணா அவளைத் தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். அங்கிருந்து நீளமான ஒயர்களை இழுத்து, லாரிகளில் மாட்டியிருந்த பூட்டுகளுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இளமதி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். சந்தேகப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை. திரும்பிப் போக ஆட்டோவைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் ஃபோன் சார்ஜ் தீர்ந்து அணையும் நிலையில் இருந்தது. சும்மா கிடந்த ஒரு சார்ஜரில் ஃபோனைச் செருகினாள்.

செருகியதும் திரை தானாக ஆடத் தொடங்கியது. அவள் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறந்தது. கேமரா வந்தது, போனது. எழுத்துகள் தாமாக விழுந்தன. யாருக்கோ கால் போகவும் ஆரம்பித்துவிட்டது. அவசரமாக அதை வெட்டினாள்.

குணா சிரித்தான். "அது அப்டித்தான் மேடம். அந்த சார்ஜர்ல போட்டா ஃபோனு பேய் புடிச்ச மாதிரி ஆடும். கைய வெக்காம வுட்டுடணும்."

"எந்த சார்ஜர் இது?"

"பூட்டுக்குப் போடறதுதான். உங்க கம்பெனி குடுத்ததெல்லாம் எரிஞ்சி போச்சு. எங்க எலெக்ட்ரீஷியன் பார்த்திபன் இதுங்கள லோக்கல்ல வாங்கியாந்தான்."

இளமதி சார்ஜரைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். எடையே இல்லை. உள்ளே இருக்க வேண்டிய வடிகட்டிகள் எதுவும் இருக்காது என்று தூக்கியதுமே தெரிந்தது. யார்டுக்குப் பக்கத்து இரும்பு ஆலைகளின் உலைகள் வேறு இதே மின்கம்பியில் ஓடுகின்றன. அவை கிளப்பும் அதிர்வுகளின் அழுக்கெல்லாம் மின்சாரத்தோடு சேர்ந்து உள்ளே வருகிறது. அதனால்தான் ஃபோனின் திரைக்கு விரல் எது, அழுக்கு எது என்று தெரியவில்லை.

அப்படியானால் பூட்டுக்கு?

பூட்டு கேட்கும் கேள்வி, சிப்புக்குள் இருக்கும் இரண்டு குட்டிச் சுற்றுகளிலிருந்து வருகிறது. இரண்டும் தத்தம் வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஒன்றோடு ஒன்று ஒருபோதும் ஒத்துப்போகாத அந்த ஆட்டத்திலிருந்துதான் யாராலும் ஊகிக்க முடியாத எண் பிறக்கிறது. வெளியிலிருந்து ஒரு பலமான ஆட்டம் மின்சாரத்தில் கலந்து வந்தால் இரண்டு சுற்றுகளும் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கிவிடலாம். படித்திருக்கிறாள். அவளுடைய சோதனை அறையில் அது நடந்ததே இல்லை. அங்கே மின்சாரம் வடிகட்டிகள் வழியாகத்தான் வரும், அவ்வளவு சுத்தம்.

"குணா, காலி வண்டி ஒண்ணு காட்டுங்க. வண்டி கழுவ நீங்க வச்சிருக்கற கருவியும் வேணும்."

கழுவுவதற்காக நிறுத்தியிருந்த ஒரு லாரியின் பூட்டில் அந்த சார்ஜரை மாட்டினாள். கருவியை நீட்டினாள். திரையில் கேள்வி வந்தது. மறுபடி கேட்கச் சொன்னாள். வந்தது. கடைசி இலக்கங்களைப் பார்த்தாள். பிறகு முழு எண்ணையும் இலக்கம் இலக்கமாகப் பார்த்தாள். அதே எண். இன்னொரு முறை கேட்டாள். அதே எண்தான். சார்ஜரைப் பிடுங்கியதும் கேள்வி மாறியது. மறுபடி செருகியதும் பழைய எண்ணே திரும்பி வந்தது.

உலகம் அழியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஒரு கேள்வி இரண்டாம் முறை வராது என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"இன்னா மேடம், நெட்வொர்க் இல்லையா?" என்று குணா கேட்டான்.

அவளுக்கு அடுத்ததும் புரிந்துவிட்டது. தடாவைத் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்று பங்க்காரர்கள் குறைப்பட்டபோது, கருவியில் ஒரு பட்டனைச் சேர்த்தவள் அவள்தான். ஒவ்வொரு பூட்டுக்கும் கடைசியாக வந்த பதிலைக் கருவி நினைவில் வைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் அதை மறுபடி பூட்டிடம் சொல்லும். கேள்விதான் ஒவ்வொரு முறையும் மாறுகிறதே, பழைய பதிலால் என்ன கெடுதல் என்று நினைத்துச் சேர்த்தது.

"இந்த வண்டிய கழுவறதுக்கு எப்படித் தொறப்பீங்களோ அப்படித் தொறங்க" என்றாள். குணா கருவியை நீட்டினான். கேள்வி சர்வருக்குப் போனது. பதில் வந்து பூட்டு திறந்தது. அவள் அதை மூடினாள். கருவியிலிருந்து சிம்மைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். பிறகு அந்தப் பட்டனை அழுத்தினாள்.

டக் என்று பூட்டு திறந்தது.

குணா கையிலிருந்த சிம்மையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரையும் கேக்காமலே தொறக்குதா மேடம்?"

"இந்த சார்ஜர்ல இருக்கறப்ப ஒரு தடவ கழுவத் தொறந்திருந்தா போதும், அப்புறம் இது மாட்டியிருந்தாலே தொறக்குது. சர்வருக்கு ஒண்ணுமே தெரியாது."

அவன் சிம்மை மறுபடி கருவிக்குள் செருகினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "டிரைவருங்க கைல இந்தக் கருவிய நாங்க குடுக்கறதே இல்ல, நானும் பார்த்திபனும்தான் எடுப்போம். பாக்கியண்ணனுக்கு இத எப்படிப் புடிக்கறதுன்னு கூடத் தெரியாது."

அன்று மாலை ஸம்பத்குமாரின் அறையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும், "சார்ஜர் அவாளோடது" என்றார். "நாம குடுத்ததைப் போட்டிருந்தா இது நடந்திருக்காதே."

"நடந்திருக்காது சார்."

"அப்போ அவா தப்புன்னு எழுதினாலும் அது பொய்யில்லையே."

"பொய்யில்ல. போன தடவ நான் எழுதினதும் பொய்யில்ல சார்." அவள் கைகள் மடியில் இருந்தன. குரல் தெளிவாகத்தான் வந்தது. "சார்ஜர் மோசம்தான். ஆனா கேள்வி ஒரே மாதிரி வந்துகிட்டிருக்குன்னு பூட்டுக்கே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருந்தா தொறக்காம நின்னிருக்கும். அந்தச் சோதனைய உள்ள வைக்காதது நான்தான். நம்ம பூட்டு எத்தனை வண்டியில இருக்கோ, அத்தனையிலயும் அது இல்ல."

ஸம்பத்குமார் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பக்கத்து மனையில் முள்செடிகளுக்கு நடுவே எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"புது ஆர்டர் குடுக்கப் போறவாளுக்கும் சொல்லணும்கிறே."

"அவங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும் சார்."

"நிறுத்திடுவா."

"நிறுத்தலாம்."

அவர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார். இளமதிக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அந்த ஆர்டருக்காக அவர் எத்தனை ஊர்களுக்கு அலைந்தார், யார் யாரிடமெல்லாம் காத்துக் கிடந்தார் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே வேலை செய்பவர்களின் எத்தனை வீடுகள் அதை நம்பியிருக்கின்றன என்பதும் தெரியும்.

"அந்த டிரைவர் பேர் என்ன சொன்னே?"

"பாக்கியநாதன்."

"நம்ம பேப்பர் இன்னும் ஸ்டேஷன்ல இருக்கோ?"

"இருக்கு சார்."

"அப்போ முதல்ல அங்க போகணும். நீ எழுதும்மா. பூட்டோட குறைன்னே எழுது, சார்ஜரை ரெண்டாவதா எழுதிக்கலாம். நானும் கையெழுத்துப் போடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த மனைக்காரனுக்கும் இன்னிக்கே ஃபோன் பண்ணிச் சொல்லிடணும்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

மறுநாள் காலை இளமதி யார்டுக்குப் போனபோது, பார்த்திபன் கொட்டகை ஓரம் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். குணா கேட்டதுமே ஒப்புக்கொண்டுவிட்டானாம். யாரும் சத்தம் போட்டதாகத் தெரியவில்லை. லாரிக் கம்பெனி முதலாளி சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அதுவரை அவனை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவனும் ஓடிப்போக நினைத்தவன்போல் தெரியவில்லை.

அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முப்பது வயதுகூட இருக்காது.

"நான் எதையும் ஒடைக்கல மேடம்" என்றான். "ஒரு நாளு வண்டி கழுவறப்போ நெட்வொர்க் இல்ல. அந்தப் பட்டன சும்மா அழுத்துனேன், தொறந்துக்கிச்சி. பூட்டுதான் கெட்டுப் போச்சின்னு நெனச்சேன். வேற வண்டிலயும் அமுக்கிப் பாத்தேன், அதுவும் தொறந்துச்சி. அப்பால லோடு வண்டிலயும்..." மேலே சொல்லாமல் நிறுத்தினான். ரோட்டோரம் கேன் வைத்து டீசல் விற்கும் ஒருவனுக்கு அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவந்திருக்கிறான். எப்போதும் தெரியாத அளவுக்குத்தான் எடுப்பானாம். அந்த ஒரு நாள் மட்டும் அளவு மிஞ்சிவிட்டது.

"பழி பாக்கியண்ணன் மேல விழுந்துதே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் இளமதி. கோபமாகக் கேட்க நினைத்தாள். கேட்டபோது களைப்புதான் வந்தது.

"சொல்லணும்னுதான் இருந்தேன். அவரு வேலைக்கு வராத மொத நாளே சொல்லிடலாம்னு நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கினே போயிட்டேன் மேடம்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எம் பொண்டாட்டிக்கி அவருதான் ஆஸ்பத்திரிக்கி வண்டி எடுத்தாந்தாரு, போன வருசம்."

இளமதி திரும்பி நடந்தாள். கொட்டகைக்குள் போய், சுவரிலிருந்த சார்ஜர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். குணா உதவிக்கு வந்தான்.

அதன் பிறகு வேலை அவர்களைப் பிழிந்து எடுத்தது. பூட்டு வாங்கிய ஒவ்வொருவரிடமும் ஸம்பத்குமாரே பேசினார். சிலர் திட்டினார்கள். ஒருவர் எல்லாப் பூட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். குறையைச் சரிசெய்து காட்டினால் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்பதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இளமதி பகல் முழுதும் சோதனை அறையிலேயே கிடந்தாள். பட்டனை முதலில் எடுத்தாள். பிறகு, ஒரே மாதிரிக் கேள்வி இரண்டு முறை வந்தால் பூட்டு தானே விழித்துக்கொண்டு மூடியபடி நிற்கும்படி செய்தாள். ஆனால் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதையே மாற்ற வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அழுக்கு மின்சாரத்துக்குத் தலையாட்டாத வேறு ஊற்று ஏதாவது வேண்டும்.

அது அவள் வேண்டாமென்று தள்ளியதற்குள்ளேயே கிடந்தது. சிப்பின் நினைவுச் செல்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழிக்கும். ரேகைக்கு அவைதான் வேண்டும். ஆனால் கொஞ்சம் செல்கள் எந்தப் பக்கமும் சாயாதவை. ஒரு நாள் பூஜ்யம், மறுநாள் ஒன்று. ரேகையைக் கெடுக்கின்றன என்று அவற்றை அடையாளம் கண்டு ஒதுக்குவதற்கே அவள் மாதக்கணக்கில் உழைத்திருந்தாள். இப்போது அந்தச் செல்களை மட்டும் கூட்டிச் சேர்த்துப் பார்த்தாள். அவை எப்படி விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யார்டிலிருந்து கொண்டுவந்த சார்ஜரை மாட்டினாள். அப்போதும் சொல்ல முடியவில்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, பிடிவாதக்காரச் செல்களும் மனசு மாறும் செல்களும். ஒன்று பூட்டு யார் என்று சொன்னது, மற்றது பூட்டு என்ன கேட்கப் போகிறது என்று யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டது. அதிகமாகச் சிரிக்காத ஸம்பத்குமார் அன்று அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த சார்ஜரைச் சோதனை மேஜையிலேயே திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். இனி ஒவ்வொரு பூட்டும் அதில் மாட்டித் தேறிய பிறகுதான் வெளியே போக வேண்டும்.

எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் மழைக்காலத் தொடக்கத்தில் வந்து பார்த்தார்கள். முன்பு பேசியதில் ஒரு பகுதிக்கு மட்டும் ஆர்டர் கொடுத்தார்கள். பக்கத்து மனை வேறு யாருக்கோ போய்விட்டது.

பாக்கியநாதன் மேலிருந்த புகாரை லாரிக் கம்பெனி அதற்கு முன்பே திரும்பப் பெற்றிருந்தது. ஸ்டேஷனுக்கு இளமதியும் ஸம்பத்குமாரும் போய், பழைய சான்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். அன்று அவரைப் பார்க்க முடியவில்லை. விக்டோரியா மட்டும் ஃபோனில் பேசினாள். "அவருக்கு வெசனம் போயிடுச்சிம்மா. ராத்திரி கொறட்ட சத்தம் கேக்குது" என்றாள். அதற்கு மேல் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்லாததே இளமதிக்கு ஆறுதலாக இருந்தது. அவள் வாங்கிக்கொள்ளும்படியான நன்றி எதுவும் அந்த விவகாரத்தில் இல்லை.

ஐப்பசியில் ஒரு மாலை, ஷிஃப்ட் முடிந்து இளமதி வெளியே வந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சிப்காட்டிலிருந்த இன்னொரு தொழிற்சாலையின் பஸ் ஒன்று, பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கேட்டருகே நின்றது. டிரைவர் இருக்கையிலிருந்து ஒருவர் கையசைத்தார். அருகே போன பிறகுதான் பாக்கியநாதன் என்று தெரிந்தது. நீலச் சட்டை போட்டிருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"எப்ப சேந்தீங்கண்ணா இதுல? லாரிக் கம்பெனியில திரும்பக் கூப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே."

"கூப்டாங்க. குணா ஊட்டுக்கே வந்தான். நான் போவல."

"கோவமா?"

அவர் வைப்பரைப் போட்டு, கண்ணாடி துடைபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோவம்னு இல்ல மேடம். இன்னிக்கி அவங்க என்னைய நம்பறாங்க. ஏன்னா நீங்க எழுதிக் குடுத்தீங்க. அன்னிக்கி நம்பலையே, அதுவும் நீங்க எழுதிக் குடுத்ததாலதான். நடுவுல நான் சொன்னது எங்க போச்சு? அத நெனச்சிக்கினு அந்த வண்டிய ஓட்ட முடியாது. பஸ்ஸுக்குப் பூட்டு கெடையாது. இவங்க ஏறுவாங்க, எறங்குவாங்க, அவ்ளோதான்."

"என்னை மன்னிச்சுடுங்கண்ணா" என்றாள் இளமதி. பல நாளாகச் சொல்ல வேண்டும் என்றிருந்ததுதான். சொல்லும்போது சின்னதாகத்தான் வந்தது.

அவர் உடனே "பரவாயில்லை" என்று சொல்லிவிடவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். "நீங்க யார்டுக்குப் போய்ப் பாத்தீங்க இல்ல. வேற யாரும் போவல." பிறகு கதவைக் காட்டினார். "மழ வலுக்குது. ஏறுங்க, கவரப்பேட்டைல எறக்கி வுடறேன். அங்கதான இருக்கீங்க? வழிதான்."

பஸ்ஸுக்குள் ஈரத் துணியும் மல்லிகையும் மணத்தன. நடுவில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. ஜன்னலை மூடலாமா திறக்கலாமா என்று இரண்டு பெண்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி முறுக்குப் பொட்டலத்தை இளமதி பக்கம் நீட்டினாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். பஸ் ஜி.என்.டி. சாலைக்கு வந்ததும் பாக்கியநாதன் வேகத்தைக் கூட்டவில்லை. மேடு வந்த இடங்களில், நின்றுகொண்டிருந்தவர்கள் தடுமாறாதபடி பதமாக ஏற்றி இறக்கினார்.

கொஞ்ச தூரம் போனதும் இளமதி தூங்கிவிட்டாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படி உட்கார்ந்த இடத்தில் தூங்கியதில்லை.

"மேடம்" என்று முன்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "கவரப்பேட்டை வந்துடுச்சி."